ஆயக்கட்டு நிலத்துல போர் போட்டு சோலார் வைக்கிறதா, குத்தகைக்கு விடுறதா?

செம்மண்காடு எழுதியது:

வணக்கம். ஊர் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டு உள்ள தள்ளி இருக்கு. அப்பா பேர்ல கண்மாய்க்குக் கீழ, கண்மாய்த் தண்ணி பாயுற ஆயக்கட்டுல நாலு ஏக்கர் நஞ்சை, கண்மாய்க்கு மேல ரெண்டு ஏக்கர் செம்மண் புஞ்சை. நஞ்சைக்குள்ள தாத்தா காலத்து வட்டக் கிணறு ஒண்ணு முள்ளு மண்டிக் கிடக்கு. நான் ஓசூர்ல வேலை. அப்பாவுக்கு முட்டி வலி, வரப்புல நடக்க முடியல. இனி முடிவு நான்தான் எடுக்கணும்.

எங்க பக்கம் ஒரு போகம்தான். ஆவணி, புரட்டாசியில புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழையில பயிர் எழும்பிடும். பிரச்சினை அதுக்கப்புறம். மார்கழி கடைசியில கதிர் பால் பிடிக்கிற நேரத்துல கண்மாய் வறண்டு போகுது. கடைசி ரெண்டு தண்ணி கிடைக்காம பாதி பதரா அறுக்கிறோம்.

இப்ப மூணு யோசனை வீட்டுல ஓடுது. ஒண்ணு, முந்நூறு அடிக்குக் குறையாம போர் போட்டு 5 எச்.பி. சோலார் மோட்டார். வேளாண் பொறியியல் துறையில 60 சதவீத மானியம்னு சொல்றாங்க. ரெண்டு, ஒருத்தர் ஆறு ஏக்கரையும் சோலார் பார்க்குக்கு நீண்ட குத்தகைக்குக் கேட்டு வீட்டுக்கே வந்துட்டுப் போறார். "கமுதியில 2016-லேயே 648 மெகாவாட் வந்துருச்சு, உங்க ஊர் வெயிலும் அதே வெயில்தானே"ங்கிறார். மூணு, சித்தப்பா "பேசாம தைல மரம் போடு, வெட்டுறப்ப மட்டும் வந்தாப் போதும்"ங்கிறார்.

இதுக்கு நடுவுல ஒரு பயிற்சி வகுப்புல "தண்ணி, மின்சாரம், உணவு, சுற்றுச்சூழல் நாலையும் ஒண்ணாப் பார்க்கணும், இதுக்கு நெக்சஸ்னு பேரு"ன்னு சொன்னாங்களாம், நண்பர் போயிட்டு வந்து சொன்னார். கேட்க நல்லாத்தான் இருக்கு. நாலு ஏக்கர்காரன் அதை வச்சு என்ன பண்றது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மயிலுக்குப் பயந்தவன் எழுதியது:

யோசிக்காமப் போடுங்க நண்பா. நான் குன்றக்குடிப் பக்கம். கத்திரி, வெண்டை, கொஞ்சம் மல்லிகை, எல்லாம் சொட்டுநீர். சோலார் வச்சதுலேருந்து ராத்திரி மும்முனை கரண்டுக்கு டார்ச் லைட்டோட காத்துக் கிடக்கிற வேலை இல்ல. காலையில வெயில் ஏறினா மோட்டார் தானா ஓடும், சாயந்தரம் தானா நிக்கும். நான் பாட்டுக்கு விட்டுருவேன்.

தொல்லைன்னா மயில்தான். பேனல் மேல ஏறி உக்காந்து எச்சம் போட்டு வச்சிரும். காஞ்சு போனா ஈரத் துணிக்கும் வராது, ஊறவச்சுத்தான் தேய்க்கணும். முருகன் வாகனம், விரட்டவும் மனசு வராது. இன்னொண்ணு, கார்த்திகை மூட்டத்துல மோட்டார் மூச்சு வாங்கும். அப்பத் தண்ணி தேவையும் கம்மிதான், அதனால கவலை இல்ல.

குத்தகை, தைல மரம் பத்தி எனக்குத் தெரியாது.

ரிட்டயர்டு ஓவர்சியர் எழுதியது:

செம்மண்காடு தம்பி, கண்மாய், மடை, கலுங்குன்னு வேலை பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கணும்.

மயில் தம்பி எழுதுனதுல "நான் பாட்டுக்கு விட்டுருவேன்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு. அவர் சொட்டுநீர்க்காரர், பொழச்சுக்குவார். அதே மோட்டாரை நெல்லு வயலுக்கு வச்சவன் நிறுத்துவானா? டீசல் ஊத்துறவன் மணிக்கணக்குப் பார்த்து நிறுத்துவான். இலவச கரண்ட்காரனுக்குக் காசு கணக்கு கிடையாது, ஆனா மும்முனை வர்ற நேரம்னு ஒரு கடிவாளமாவது இருக்கு. சோலார்காரனுக்கு வெயில் இருக்கிற வரைக்கும் தண்ணி. உலக உணவு வேளாண்மை நிறுவனமே 2018-ல சோலார் பாசனம் பத்தி ஒரு அறிக்கை போட்டு, ஓட்டுற செலவு இல்லாததால நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைச்சிருவாங்கன்னு எச்சரிச்சிருக்கு. நம்ம மாநிலத்துல தடுக்கப் போட்ட சட்டமும் நிக்கல. 2003-ல ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டாங்க, 2013-ல அதை ரத்தும் பண்ணிட்டாங்க.

சரி, உங்க நாலு ஏக்கருக்கு வருவோம். நான் தத்துவம் பேசல, கணக்குப் போடுறேன்.

நெல்லுக்கு ஒரு தண்ணி கட்டணும்னா ரெண்டு அங்குலமாவது நிக்கணும். ஒரு ஏக்கர்ல ஒரு அங்குலத் தண்ணிங்கிறது கிட்டத்தட்ட ஒரு லட்சத்து மூவாயிரம் லிட்டர். ரெண்டு அங்குலம், நாலு ஏக்கர், ஆக எட்டு லட்சம் லிட்டருக்கு மேல. முந்நூறு அடியிலிருந்து ஆயிரம் லிட்டரைத் தூக்க, சேதாரமே இல்லாத மோட்டாருக்குக் கால் யூனிட் போதும். நம்ம ஊர் மோட்டாரும் பைப்பும் தின்னுறதைச் சேர்த்தா அரை யூனிட்டைத் தாண்டும். அப்படிப் பார்த்தா 5 எச்.பி. மணிக்கு ஆறாயிரம் லிட்டர் தள்ளும், அதுவும் போர்ல அவ்வளவு ஊறினா. எட்டு லட்சத்தை ஆறாயிரத்தால வகுத்துப் பாருங்க. 130 மணி நேரத்துக்கு மேல. மார்கழி வெயில்ல ஒரு நாளைக்கு முழுசா அஞ்சு மணி நேரம் ஓடினா, ஒரே ஒரு தண்ணி கட்டி முடிக்க நாலு வாரம் ஆகும். முதல் வயல்ல கதிர் முத்தியிருக்கும், கடைசி வயல்ல வைக்கோல்தான் மிஞ்சும். மின்சாரக் கணக்குல அது 500 யூனிட்.

அதே எட்டு லட்சம் லிட்டரைக் கண்மாய் மடை ரெண்டு ராத்திரியில ஒரு யூனிட் கரண்ட் இல்லாமக் கட்டிட்டுப் போகும்.

அதனால போர் வேண்டாம்கிறேன். சோலாரே வேண்டாம்னு சொல்லல. அந்த வட்டக் கிணறு இருக்கே, அதைத் தூர் எடுங்க. கண்மாய்க்குக் கீழ இருக்கிற கிணறு கண்மாய் கூடவே ஏறும், கூடவே இறங்கும். கண்மாய் பெருகி நின்னுச்சுன்னா கிணத்துல முப்பது அடியில தண்ணி மொண்டுக்கலாம். முந்நூறு அடியிலிருந்து இறைக்கிறதுக்கு முப்பது அடியிலிருந்து இறைக்கிற செலவு பத்துல ஒரு பங்கு. 3 எச்.பி. சோலார் தாராளம். கண்மாய்ல தண்ணி குறைஞ்சப்புறமும் கிணத்துல கொஞ்ச நாளைக்கு நிக்கும், உங்க கடைசி ரெண்டு தண்ணிக்கு அதுதான் வழி. நெக்சஸ்ங்கிறதுல நாலு ஏக்கர்காரனுக்கு வேண்டியது எனக்குத் தெரிஞ்சு இவ்வளவுதான். கண்மாய்க்கு வந்து சேர்ற தண்ணிதான் உங்க மின்சாரம், உங்க நெல்லு. ஜெர்மனியில பான் நகரத்துல 2011 நவம்பர்ல மாநாடு கூட்டி உலகத்துக்குச் சொன்னாங்க. நம்ம ஊர்ல மடையைத் திறந்துவிடுற நீர்ப்பாய்ச்சிக்கு மாநாடு இல்லாமலே தெரியும், ஆனா அவர்கிட்ட யாரு கேக்குறா?

இப்பக் கண்மாய் ஏன் மார்கழியிலேயே வறளுதுன்னு பார்க்கணும். மழை குறைஞ்சிருச்சுன்னு எல்லாரும் ஈஸியாச் சொல்லிருவாங்க. நான் பார்த்த வரைக்கும் பாதிக் கண்மாய்களுக்கு, தண்ணியைக் கொண்டு வந்து சேர்க்கிற வரத்துக்கால்தான் சீக்கு. செம்மண்ணும் செம்புறாங்கல்லுமா இருக்கிற நம்ம மேட்டுல மழை பேஞ்சா வழிஞ்சு ஓடி வரும், அந்த ஓட்டத்தை ஓடை ஓடையாச் சேர்த்து ஒரு கண்மாய், அது நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சு அடுத்த கண்மாய்னு சங்கிலி மாதிரி கட்டி வச்சிருக்காங்க. வீட்டையே அப்படித்தானே கட்டினாங்க? நாலு பக்கக் கூரையும் முற்றத்துல வடிஞ்சு, அண்டாவுல பிடிச்சது போக மிச்சம் கல் சாக்கடை வழியா ஊருணிக்குப் போற ஊரு இது. 2014-லேயே யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டைச் சேர்த்தாச்சு. வெளிநாட்டுக்காரங்க தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துட்டுப் போறாங்க, அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்க்கல.

தைல மரம் வேண்டாம்னு சொல்றதும் அதனாலதான். அது உறிஞ்சுறதை விட எனக்குப் பெரிய கவலை வரப்பு. தைல மரக் காட்டுல அங்கங்க ஜேசிபி வச்சுக் குறுக்க வரப்பும் குழியும் எடுத்து, பேஞ்ச மழை சொட்டுக்கூட வெளிய போகாம நிறுத்திருவாங்க. மரத்துக்கு நல்லது. கீழ இருக்கிற கண்மாய்க்கு? உங்க புஞ்சை கண்மாய்க்கு மேல இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதுல தைலம் போட்டா உங்க நஞ்சைக்கு வர்ற தண்ணியை நீங்களே மறிக்கிறீங்க.

குத்தகைக்காரர் விஷயம். ஒரு மெகாவாட்டுக்கு நாலஞ்சு ஏக்கர் வேணும், கமுதியிலயே 2,500 ஏக்கர். உங்க ஆறு ஏக்கரை மட்டும் வச்சு அவர் ஒண்ணும் பண்ண முடியாது, உங்களைக் காட்டி அக்கம்பக்கத்துல வளைச்சுப் போடத்தான் வருவார். நஞ்சையைக் கொடுக்காதீங்க. புஞ்சையைக் கொடுக்கிறதுன்னா எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்ல, பேனல் மேல விழுற மழையும் கீழதான் விழும். ஆனா மட்டம் பண்றேன்னு ஓடையை மூடிருவாங்க, சுத்துச்சுவர் எழுப்பிருவாங்க. ஓடை போற பாதையைத் தொடக்கூடாதுன்னு பத்திரத்துல எழுதாமக் கையெழுத்துப் போடாதீங்க.

இன்னொரு தொல்லை, ஒரே கண்மாய்க்கு எத்தனை முதலாளி தெரியுமா? ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேலன்னா நீர்வளத்துறை, கீழன்னா ஊராட்சி ஒன்றியம். கண்மாய்க்குள்ள, அதான் உள்வாயில, நிக்கிற மரம் வனத்துறை கணக்கு, 1981-லிருந்து சுவீடன் உதவியில சமூகக் காடுன்னு நட்டது. மீன் ஏலம் தனி. மோட்டார் மானியம் வேளாண் பொறியியல் துறை. கனெக்‌ஷன் மின்வாரியம். இவங்க எல்லாரும் ஒரே மேஜையில உக்காந்து நான் பார்த்ததில்ல. ஒரு ஊர்ல, பேர் வேண்டாம், மீன் ஏலம் எடுத்தவர் தண்ணி இறங்கினாத்தான் வலை போட முடியும்னு ராத்திரியோட ராத்திரியா மடைச் சட்டரைத் தூக்கிவிட்டார். காலையில போய்ப் பார்த்தா வாய்க்கால் நிறைய தண்ணி ஓடையில வீணாப் போகுது, சட்டரோட திருகுல புதுசா கிரீஸ் தடவியிருக்கு. ஏழெட்டு வருஷமா விவசாயிங்க "திருகு இறுகிப் போச்சு, கிரீஸ் கொடுங்க"ன்னு கேட்டு நடையா நடந்த திருகு அது.

கடைசியா ஒண்ணு. மிச்ச கரண்டை விக்கிற வழி இருந்தா என் பேச்சு கொஞ்சம் மாறும். குஜராத்ல கேடா மாவட்டம் துண்டிங்கிற ஊர்ல 2016-ல ஆறு விவசாயிங்க சோலார் பம்ப் கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. பாசனம் போக மிச்சத்தை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு மின் கம்பெனி வாங்கிக்கிச்சு, தண்ணியை மிச்சப்படுத்தினதுக்குத் தனியா ஊக்கத்தொகையும் கிடைச்சுச்சு. அங்க வெயில் ஒரு பயிர் மாதிரி. தண்ணியை வீணா இறைச்சா அவன் காசு போகுது, தானா நிறுத்துறான். மத்திய அரசோட சோலார் பம்ப் திட்டமான பிஎம் குசும்ல மூணாவது பிரிவு இந்த மாதிரிதான், கனெக்‌ஷன் இருக்கிற பம்புக்கு. நீங்க வாங்கப்போறது கனெக்‌ஷன் இல்லாத தனி பம்ப், ரெண்டாவது பிரிவு. அதுல விக்க முடியாது. மானியம் கேட்கப் போறப்ப இந்த வித்தியாசத்தைத் தெளிவாக் கேளுங்க.

கொள்ளுக்குடிப்பட்டி மருமகள் எழுதியது:

ஓவர்சியர் அய்யா சொன்னதுல முக்காவாசி சரி. வரத்துக்காலைச் சுத்தம் பண்ணுங்கன்னு சொன்னா எங்க ஊர் ஆம்பளைங்க ஜேசிபியைக் கூட்டிட்டு வந்து கருவேல மரம் எல்லாத்தையும் சாச்சிருவாங்க, அதுக்காக இதை எழுதுறேன்.

நாட்டுக் கருவேலம் வேற, சீமைக் கருவேலம் வேற. எங்க வேட்டங்குடி சரணாலயம் 1977-லேருந்து இருக்கு, கண்மாய்க்குள்ள நிக்கிற நாட்டுக் கருவேல மரத்துலதான் நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும். அதுக்காகத்தான் எங்க ஊர்ல தீபாவளிக்கு வெடி கிடையாது, வாக்கப்பட்டு வந்த வருஷமே எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார். பறவை எச்சம் கரைஞ்ச தண்ணி வயலுக்குப் பாஞ்சா பயிர் கரும்பச்சையா எழும்பும். பக்கத்து ஊர்ல யூரியா போடுற நேரத்துல நாங்க பாதிதான் போடுவோம். ஆனா அதுக்கும் விலை இருக்கு. குஞ்சு பறக்கிற வரைக்கும் மரத்தடியில தண்ணி நிக்கணும். வயலுக்குத் தண்ணி வேணும், குஞ்சுக்கும் தண்ணி வேணும்னு மார்கழி தையில ஊர் மந்தையில பேச்சு நீளும். சண்டையே இல்லாம அந்த நெக்சஸ்ல சொன்ன நாலும் ஒண்ணாப் போயிரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

சீமைக் கருவேலத்துக்கு வர்றேன். அதை ஒழிக்கணும்னு எழுதுறது சுலபம். எங்க அம்மா ஊர் இளையான்குடிப் பக்கம், மழை பொய்ச்ச வருஷம் அந்த முள்ளை வெட்டிக் கரி மூட்டம் போட்டுத்தான் எங்களைப் படிக்க வச்சாங்க. விறகை நெருக்கி அடுக்கி, மேல வைக்கோலும் மண்ணும் பூசி, புகை வெள்ளையா வர்ற வரைக்கும் அடைக்காம, நீலமா மாறினதும் ஓட்டையை அடைக்கிறது. ராத்திரி முழிச்சுப் பார்த்துக்கணும், எங்கயாச்சும் மண்ணு உள்வாங்கினா மொத்தமும் சாம்பல். அடுப்பும் அதுலதான், வருமானமும் அதுலதான். சிலிண்டர் வந்தப்புறமும் வெந்நிக்கு அந்த முள்ளுதான். அதனால கண்மாய்க்குள்ளயும் வரத்துக்கால்லயும் இருக்கிறதை வேரோட எடுங்க. கோடாலியால வெட்டினா அடுத்த மழைக்கு ஒண்ணு நாலாத் துளிர்க்கும். தரிசுல நிக்கிறதை அதை நம்பிப் பொழைக்கிறவங்களுக்கு விட்டுருங்க. வெட்டின முள்ளை ஏலம் விடுறப்ப மூட்டம் போடுறவங்களுக்கு முதல்ல கொடுக்கச் சொல்லுங்க.

தம்பி, ஆட்டு மந்தையோட ஊர் ஊராப் போற கீதாரிங்க உங்க ஊருக்கு வர்றாங்களா? அறுப்பு முடிஞ்சதும் கிடை போடச் சொல்லுங்க. நஞ்சைக்கு அதைவிட எரு கிடையாது. அவங்க வர்றதும் கண்மாய்ல ஆட்டுக்குத் தண்ணி கிடக்குதான்னு பார்த்துத்தான்.

செம்மண்காடு எழுதியது:

அய்யா, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். நீங்க சொன்ன மாதிரி வரத்துக்காலைப் பிடிச்சு மேல நடந்தேன். புஞ்சையைத் தாண்டி கொஞ்ச தூரத்துல ஓடையை மண்ணு போட்டு மறிச்சு டிராக்டர் போற பாதை ஆக்கியிருக்காங்க, அடியில குழாய் கூட இல்ல. அதுக்கு அந்தப் பக்கம் மழைத் தண்ணி தேங்கி ரோட்டோரம் திரும்பிப் போயிருக்கு, தடம் தெரியுது. பாதை போட்டவர் எங்களுக்கு மாமன் முறை. அப்பா "அவன்கிட்டப் போய் என்னத்தக் கேக்குறது"ங்கிறார்.

இன்னொரு கேள்வி. கிணறு தூர் எடுத்தா அந்த மண்ணை வயல்லயே போடலாமா?

ரிட்டயர்டு ஓவர்சியர் எழுதியது:

கிணத்து மண்ணுல முதல்ல வர்ற கறுப்பு வண்டலை மட்டும் வயல்ல போடுங்க. அடியில வர்ற சுக்கான் கல்லையும் மொரம்பையும் வரப்புக்குப் போட்டுக்கோங்க. இன்னும் வண்டல் வேணும்னா கண்மாய்லயே எடுக்கலாம். 2024-லேருந்து தாசில்தாரே அனுமதி கொடுக்கிறார், முன்ன மாதிரி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலைய வேண்டாம். கரையை ஒட்டித் தோண்டாதீங்க, மடைக்கு மட்டம் கீழயும் போகாதீங்க. அப்படித் தோண்டுன பள்ளத்துல நிக்கிற தண்ணி மீனுக்கும் ஆட்டுக்கும் ஆகும், மடையேறி வயலுக்கு வராது.

மாமன் விஷயத்துல மனு எழுதுறதுக்கு முன்னாடி சிமெண்ட் குழாய் விலை கேளுங்க. பாதைக்கு அடியில ரெண்டு குழாய் புதைச்சா டிராக்டரும் போகும், தண்ணியும் வரும். ஆயக்கட்டுக்காரங்க ஏக்கருக்கு இவ்வளவுன்னு போட்டா முடிஞ்சது. முறைக்காரன்கிட்ட குழாயோட போனா பேச்சு வேற மாதிரி இருக்கும். அவர் மாட்டேன்னா மட்டும் வி.ஏ.ஓ.கிட்ட புலப்படமும் அ-பதிவேடும் வாங்குங்க. ஓடைப் புறம்போக்குன்னு பதிவாயிருந்தா திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு. உங்க கண்மாய் நீர்வளத்துறைக்குச் சொந்தமானதா இருந்தா, உள்வாய் ஆக்கிரமிப்புக்கு 2007-ல வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு.

எல்லாத்தையும் புரட்டாசிக்குள்ள முடிங்க. ஐப்பசி பிறந்துட்டா ஓடைக்குள்ள வண்டி இறங்காது.

மயிலுக்குப் பயந்தவன் எழுதியது:

அய்யா என்னையும் சேர்த்துக் கணக்குப் போட வச்சுட்டார். நம்ம போர்ல நீர்மட்டம் இப்ப எங்க நிக்குதுன்னு இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. கயித்துல கல்லைக் கட்டி இறக்கலாம்னு பார்த்தா பைப்புல சிக்கிக்கும்னு பிளம்பர் பயமுறுத்துறார். வேற எப்படி அளக்கிறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.